உதிரப்பட்டி முதல் அரசாணை 225 வரை

தாலுகா அலுவலகமோ, மின்வாரியமோ, ரயில்வே பணிமனையோ, எங்கே போனாலும் "அவங்க அப்பா வேலை இவருக்கு வந்தது" என்று சொல்லத்தக்க ஒருவர் இருப்பார். கோப்பில் அதன் பெயர் கருணை அடிப்படையில் பணி நியமனம். ஊர் வாயில் வாரிசு வேலை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், குடும்பத்தில் வேறு யாரும் அரசுப் பணியில் இல்லை என்ற சான்று, மனைவி விண்ணப்பித்தால் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று இன்னொரு சான்று. இந்தக் காகிதக் கட்டு நமக்குத் தெரிந்ததுதான். இந்த வழக்கம் நம் தலைமைச் செயலகத்துக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதுதான் அதிகம் பேசப்படாதது. அந்த வழியில் புகையிலைக் கடை உண்டு, கத்தரிக்கோல் உண்டு, பிய்ந்த செருப்பு நிரப்பிய பெட்டி உண்டு, ஓர் ஆட்சியே கவிழ்ந்த கதையும் உண்டு.

வேலையில் இருப்பவர் திடீரென்று இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு அரசு என்ன செய்ய வேண்டும்? நம் நாட்டில் இதற்குக் கிடைக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று கௌடில்யர் பட்டியல் போடும் இடத்திலேயே, பணியின்போது இறந்தவரின் பிள்ளைகளுக்கும் மனைவிக்கும் உணவும் ஊதியமும் போய்ச் சேர வேண்டும் என்கிறார். அந்த வீட்டுச் சிறுவர், முதியவர், நோயாளி ஆகியோரையும் அரசன் கவனிக்க வேண்டும். வீட்டில் சாவோ நோயோ பிரசவமோ வந்தால் கைகொடுக்க வேண்டும். கொடுக்கச் சொன்னது சம்பளத்தை. நாற்காலியைப் பற்றி அவர் பேசவே இல்லை. இந்த நுணுக்கம் பின்னால் நமக்குத் தேவைப்படும்.

அந்த நூலே நமக்குக் கிடைத்தது ஒரு தற்செயலால். பல நூற்றாண்டுகள் மேற்கோள்களில் மட்டும் உயிர்வாழ்ந்த அர்த்தசாஸ்திரத்தின் சுவடியை, தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழைத்தேய நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் ஷாமசாஸ்திரி 1905-இல் அது என்னவென்று கண்டறிந்து, 1909-இல் அச்சேற்றினார். அதற்குள் இந்தியாவை ஆண்ட அதிகாரிகள் குடும்ப நலத்துக்கு வேறு எங்கெங்கிருந்தோ மாதிரிகளை எடுத்து முடித்திருந்தார்கள்.

கிரேக்கத்தில் ஏதென்ஸ் நகரமும் இதே கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தது. போரில் இறந்தவர்களின் பிள்ளைகளை, அவர்கள் ஆளாகும்வரை அரசுச் செலவில் வளர்ப்போம் என்று கி.மு. 431-ஆம் ஆண்டு இரங்கலுரையில் பெரிக்ளிஸ் அறிவித்தார். வளர்ந்த பிள்ளைகளை டயோனிசியத் திருவிழாவில், நாடகம் தொடங்குமுன், முழுப் போர்க்கவசத்தோடு பொதுமக்கள் முன் நிறுத்துவார்கள். கவசம் அரசு தந்தது. சோறு போட்டது கருணை என்றால், கையில் ஈட்டியைக் கொடுத்தது பணி நியமனம். இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

தமிழ் நிலத்தில் அந்தக் கருணைக்குச் சான்று கல்லில் இருக்கிறது. தர்மபுரி, செங்கம் வட்டாரங்களில் நிற்கும் பல்லவர் கால நடுகற்களில் ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனின் உருவம் இருக்கும். சில கற்களில் அவன் குடும்பத்துக்குக் கொடுத்த நிலமும் எழுதப்பட்டிருக்கும். அதன் பெயர் நெய்த்தோர்ப்பட்டி. பிற்காலக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி. இரத்தம் சிந்தியதற்கு ஈடான மானியம். பக்கத்துக் கன்னட நாட்டிலும் இதே வழக்கம் நெத்தரு கொடகே என்ற பெயரில் இருந்தது. நிலமே சம்பளமாக இருந்த காலத்தில் உதவித்தொகை, ஓய்வூதியம், வாரிசு வேலை மூன்றும் ஒரே வயலில் விளைந்தன.

சம்பளத்துக்குப் பதில் நிலம் என்றால் வாரிசுச் சிக்கலும் கூடவே வரும். 16-ஆம் நூற்றாண்டு ஒட்டோமான் பேரரசு ஒரு சாமர்த்தியம் செய்தது. குதிரைப்படை வீரன் இறந்தால் அவன் மகனுக்கும் வருவாய் நிலம் உண்டு, ஆனால் அப்பாவுடையதைவிடச் சிறியது. மீதியை அவன் உழைத்துத்தான் சம்பாதிக்க வேண்டும். இறந்தவர் எந்தப் பதவியில் இருந்தாலும் வாரிசுக்குக் கடைநிலைப் பணியே என்ற நம் விதிக்கு இது தூரத்துத் தாத்தா.

முகலாயர்கள் எதிர்த் திசையில் போனார்கள். மன்சப்தார் கண்மூடியதும் அவர் சொத்து அரண்மனைக்குப் போய்விடும். அதே சமயம், பரம்பரையாகச் சேவகம் செய்த குடும்பத்துப் பிள்ளைகள் 'கானாசாத்' என்ற பெயரில் புதிய நியமனங்களில் முன்னுரிமை பெற்றார்கள். சொத்து போகும், வேலை வரும். இந்த ஏற்பாட்டைப் பற்றி பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே எழுதிவைத்த கதை ஒன்று சுவையானது. ஷாஜகானிடம் நீண்டகாலம் பணிசெய்த நேக்நாம் கான் சாவு நெருங்கியதை உணர்ந்ததும், செல்வத்தை விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் ரகசியமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பிறகு பெட்டிகளில் பழைய இரும்பு, எலும்பு, பிய்ந்த செருப்பு, கந்தல் துணி ஆகியவற்றை நிரப்பி முத்திரை வைத்து, இவை பேரரசருக்கே உரியவை என்று அறிவித்தார். அவர் இறந்ததும் பெட்டிகள் தர்பாரில் எல்லார் முன்னிலையிலும் திறக்கப்பட்டன. ஷாஜகான் எழுந்து போய்விட்டாராம்.

அதே காலத்து பிரான்ஸில் அரசு வேலையையே விலைக்கு வாங்கலாம். வாங்கியதை மகனுக்கு விட்டுக்கொடுக்கவும் செய்யலாம். ஆனால் விட்டுக்கொடுத்த பிறகு 40 நாளாவது உயிரோடு இருக்க வேண்டும்; 39-ஆவது நாளில் இறந்தால் பதவி மன்னருக்கு. 1604-இல் நான்காம் ஹென்றி இந்தப் பதற்றத்தைக் காசாக்கினார். பதவியின் மதிப்பில் அறுபதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கட்டிவந்தால் 40 நாள் விதி கிடையாது, எப்போது இறந்தாலும் பதவி குடும்பத்துக்கே. வசூல் குத்தகையை எடுத்த சார்ல் பொலே என்பவரின் பெயரால் அந்த வரிக்குப் 'பொலெத்' என்றே பெயர் விழுந்தது. கருணை துளிகூட இல்லாத வாரிசு வேலை இது. 1789 புரட்சியில் முதல் மாதங்களிலேயே இதற்கு முடிவு கட்டினார்கள் என்றால், மக்கள் எவ்வளவு கொதித்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

கணவன் வேலை மனைவிக்கு வந்தால் அவரால் செய்ய முடியுமா என்று முகம் சுளிப்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களுக்கு பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து ஒரு பதில். புனித ரோமப் பேரரசின் தபால் தலைவர் இரண்டாம் லெயோனார்ட் 1628-இல் இறந்தபோது மகன் சிறுவன். மனைவி அலெக்சாண்ட்ரின் பொறுப்பேற்று, ஐரோப்பாவே பற்றியெரிந்த முப்பதாண்டுப் போரின் நடுவே 1646 வரை தபாலை ஓட்டினார். பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஒரு ரகசிய அறையே அவரிடம் இருந்ததோ என்று வரலாற்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். வேலையை நன்றாகவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த வழக்கத்துக்கு வாய்த்த விசித்திரமான வாகனம் புகையிலை. ஆஸ்திரியாவில் 1784-இல் இரண்டாம் ஜோசப் புகையிலை வணிகத்தை அரசின் ஏகபோகமாக ஒழுங்குபடுத்தினார். சில்லறைக் கடை உரிமத்தை ஊனமுற்ற படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் கொடுக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. கஜானாவிலிருந்து ஒரு காசு செலவில்லை. புகைப்பவர்கள் பணத்தில் குடும்பம் பிழைக்கும். 1810-இல் நெப்போலியன் பிரான்ஸில் ஏகபோகத்தை மீட்டதும், புகையிலைக் கடை அங்கேயும் அதிகாரிகளின் விதவைகளுக்கான ஆறுதல் பரிசானது. உரிமம் விதவையின் பெயரில் இருக்க, கடையை வாடகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவராக இருப்பதும் சகஜம். நம் ஊர் பினாமிக்கு அங்கேயும் உறவுக்காரர்கள் இருந்தார்கள். 1939-இல் உள்நாட்டுப் போர் முடிந்த ஸ்பெயினில் ஃபிராங்கோ தரப்பு விதவைகளுக்குப் புகையிலைக் கடைகளும் லாட்டரிக் கடைகளும் போயின. தோற்ற தரப்பு விதவைகள் அந்த வரிசையில் இல்லை. கருணைக்கும் கட்சி உண்டு.

இனி சென்னைக்கு வருவோம். கும்பினிப் படையின் ஐரோப்பியச் சிப்பாய்கள் இந்தியப் பெண்களிடம் பெற்ற பிள்ளைகள், அப்பா போரிலோ நோயிலோ செத்தபின் கோட்டையைச் சுற்றித் திரிந்துகொண்டிருந்தார்கள். பெண் குழந்தைகளுக்கு 1787-இலும் ஆண் பிள்ளைகளுக்கு 1789-இலும் அனாதை ஆசிரமங்கள் தொடங்கின. ஆண்கள் ஆசிரமத்தின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து, அதையே தன் பள்ளியின் முறையாக்கி, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவர்.

அந்த ஆசிரமத்துப் பையன்களுக்கு என்ன வேலை தருவது? 1791-இல் கும்பினி இயக்குநர்கள், இந்தியத் தாய்க்குப் பிறந்தவர்களுக்கு உயர்பணிகளின் கதவை அடைத்திருந்தார்கள். ஆனால் நிலத்தை அளக்க ஆள் வேண்டும். லண்டனிலிருந்து வரவழைத்தால் செலவு அதிகம். 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் ஒரு சர்வே பள்ளியைத் தொடங்கி, ஆசிரமத்திலிருந்து 8 பையன்களை எடுத்துக்கொண்டார். இறந்த அரசு ஊழியரின் பிள்ளையை, குறைந்த சம்பளத்துக்கு, கீழ்நிலைப் பணியில், பயிற்சி கொடுத்துச் சேர்த்துக்கொள்வது என்ற இன்றைய சூத்திரம் முழுவதும் அங்கே இருக்கிறது. நில அளவுச் சங்கிலியோடு மாகாணமெங்கும் நடந்தவர்கள் அந்தப் பிள்ளைகள். அந்தப் பள்ளி வளர்ந்து வளர்ந்துதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது.

அடுத்த திருப்பம் 1854-இல். சிபாரிசை ஒழித்துப் போட்டித் தேர்வு வை என்று லண்டனில் நார்த்கோட், டிரெவெல்யன் இருவரும் அறிக்கை கொடுத்தார்கள். மறு ஆண்டே இந்தியப் பணிக்கான முதல் போட்டித் தேர்வு நடந்தது. சார்லஸ் டிரெவெல்யன் சில ஆண்டுகளில் சென்னை மாகாண கவர்னராகவும் வந்துபோனார். அவரே இயக்குநர்களின் நியமனச் சிபாரிசு முறையில் கும்பினி வேலைக்குள் நுழைந்தவர் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதையின் ருசி குறைந்துவிடும்.

தேர்வு என்ற வேலி எழும்பியதும், கருணைக்கு அந்த வேலியில் ஒரு திட்டிவாசல் தேவைப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அது கத்தரிக்கோல் வடிவில் வந்தது. கருவூலத்தில் அச்சான நோட்டுத் தாள்களை அப்போது கையால் கத்தரிக்க வேண்டும். ஆண்கள் எல்லாம் போர்முனையில். 1862-இல் கருவூலத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பின்னர், கத்தரிக்கோல் பிடிக்க ஆண்களைவிடப் பெண்களே மேல் என்று வாதாடி, ஜென்னி டக்ளஸ் என்பவரைச் சேர்த்தார். அவர் வேலையின் வேகம் மற்றவர்களுக்கும் வழி திறந்தது. பின்னால் வந்தவர்களில் போரில் கணவனையும் தகப்பனையும் இழந்தவர்கள் பலர். ஆண்டுச் சம்பளம் 600 டாலர். ஆண் எழுத்தர்களுக்கு அதைவிட மிக அதிகம். கருணையும் சிக்கனமும் கைகோத்து நடப்பது சென்னை சர்வே பள்ளியோடு முடிந்த கதையல்ல. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்ஸ் இதைச் சட்டமாகவே எழுதியது. 1923 ஜனவரிச் சட்டம் ஊனமுற்ற வீரர்களோடு போர் விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் அரசு வேலைகளை ஒதுக்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் மே நோலன் என்ற பெண்மணி, இறந்த கணவரின் இடத்தையே தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். அனுதாப அலை நம்முடைய கண்டுபிடிப்பு இல்லை.

சென்னை மாகாணத்தில் இதற்கிடையே வேறொரு பாசனம் ஓடிக்கொண்டிருந்தது. கர்ணமும் மணியக்காரரும் இறந்தால் அந்தக் குடும்பத்துக்கே பதவி என்று 1895-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்திருந்தது. வீட்டில் வறுமை உண்டா என்று யாரும் கேட்கவில்லை, பிறப்பே தகுதி. சுதந்திர இந்தியாவின் அரசமைப்புச் சட்டத்தில் 16-ஆவது பிரிவு, வம்சத்தைக் காரணம் காட்டி அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்றது. 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்கில், அந்தப் பழைய சட்டத்தின் பரம்பரை உரிமை இதற்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் கிராம அதிகாரிகளின் பதவிகளையே ஒரு அவசரச் சட்டத்தால் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் தேர்வெழுதி வரும் காலம் பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால், பரம்பரைக்கு முன்வாசல் மூடப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் கருணையின் திட்டிவாசல் அகலத் திறந்தது. தமிழ்நாட்டில் 1972 பிப்ரவரி 15-ஆம் நாள் தொழிலாளர் துறை அரசாணை 225. உத்தரப் பிரதேசத்தில் 1974-ஆம் ஆண்டு விதிகள். ஒன்றைப் பார்த்து ஒன்றாக மற்ற மாநிலங்கள். கேட்டால் இரண்டுக்கும் விளக்கம் உண்டு: கர்ணம் மகனுக்குப் பதவி கிடைத்தது அவன் கர்ணம் மகன் என்பதால், எழுத்தரின் மகளுக்குக் கிடைப்பது அந்த வீட்டில் அடுப்பெரிய வழியில்லை என்பதால். சட்டப் புத்தகத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் அந்தக் கோட்டைத் தேடுவதிலேயே நீதிமன்றங்களுக்கு அரை நூற்றாண்டு போயிருக்கிறது.

சீனாவில் கோடே போடவில்லை. 1978-இல் வந்த அரசு ஆணை, பணி ஓய்வு பெறும் தொழிலாளியின் பிள்ளை ஒருவர் அந்த இடத்தில் சேரலாம் என்றது. கலாசாரப் புரட்சியில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்கள் நகரம் திரும்ப அதுவே வழியானது. பிள்ளையை வரவழைக்க, நல்ல உடம்போடு இருந்த தாய்தகப்பன்கள் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். தேர்ந்த தொழிலாளி வீட்டுக்குப் போக, அனுபவமில்லாத பிள்ளை இயந்திரத்துக்கு முன் நின்றது. 1986-இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

நம் ரயில்வே அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தது. தண்டவாளப் பராமரிப்பாளர்கள் போன்ற பாதுகாப்புப் பிரிவினர் விருப்ப ஓய்வு பெற்றால் பிள்ளைக்கு வேலை என்ற திட்டம் 2004-இல் வந்தது. யாரும் சாகவே வேண்டாம். 2016-இல் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் அது அரசமைப்புக்கு எதிரானது என்றது. அடுத்த ஆண்டு திட்டத்துக்கு மூடுவிழா.

உச்ச நீதிமன்றத்தின் குரலிலும் ஏற்ற இறக்கம் உண்டு. எல்லைச் சாலைத் துறையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர் 1982-இல் இறந்தார். வேலை கேட்ட மனைவி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1989-இல் வந்த தீர்ப்பு, இப்படி இழுத்தடிக்கக் கூடாது, காலியிடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கிக் கொடுங்கள் என்றது. ஐந்தே ஆண்டில், 1994-இல், ஹரியானா வழக்கில் கடிவாளம் இறுகியது. திடீர் நெருக்கடியிலிருந்து குடும்பம் மீள்வதற்கே இந்த வேலை. இது உரிமையல்ல, கடைநிலைப் பணிகளுக்கு மேல் போகக்கூடாது, நெருக்கடி தீர்ந்தபின் பல ஆண்டு கழித்து வந்து கேட்கவும் கூடாது. 1998-இல் மத்திய அரசு, நேரடி நியமனக் காலியிடங்களில் 5 விழுக்காடே கருணைக்கு என்று அளந்துவைத்தது.

நூறு பேர் கேட்க ஐந்து இடம் இருந்தால் யார் அதிகம் கஷ்டப்படுகிறார் என்று எப்படித் தீர்மானிப்பது? மத்திய அரசுத் துறைகள் சில இதற்கு 100 மதிப்பெண் அட்டவணை வைத்திருக்கின்றன. குடும்ப ஓய்வூதியம் குறைவா, மதிப்பெண் கூடும். மணமாகாத மகள்கள், சிறு பிள்ளைகள், இறந்தவருக்கு எத்தனை ஆண்டு பணி மிச்சம் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டம். போட்டித் தேர்வுக்கு மாற்றாகப் பிறந்த வழக்கம், கடைசியில் தானும் ஒரு போட்டித் தேர்வாகி நிற்கிறது. மணமான மகளுக்கு வரிசையில் இடமுண்டா என்பது இன்னொரு நெடிய சண்டை. மகனுக்குத் திருமணம் ஆனால் அவன் மகனாகவே இருக்க, மகள் மட்டும் எப்படி அந்நியமாவாள் என்று பல உயர் நீதிமன்றங்கள் கேட்டன. கர்நாடகம் 2021-இல் விதியை மாற்றியது.

அண்டை நாடுகளில் இதே கேள்வி நெருப்பாகவும் எரிந்தது. வங்கதேசம் 1972-இல் விடுதலைப் போராளிகளுக்கு அரசு வேலையில் 30 விழுக்காடு ஒதுக்கியது. அது பிள்ளைகளுக்கு நீண்டு, பேரப்பிள்ளைகளுக்கும் நீண்டது. 2018-இல் ரத்தான ஒதுக்கீட்டை 2024 ஜூனில் நீதிமன்றம் உயிர்ப்பிக்க, மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 21-இல் உச்ச நீதிமன்றம் அதை 5 விழுக்காடாகக் குறைத்தும் கலகம் ஓயவில்லை. ஆகஸ்ட் 5-இல் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே வெளியேறினார். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம், பணியில் இறந்தவர் வாரிசுக்குத் தேர்வின்றி வேலை தருவது எல்லாக் குடிமக்களுக்கும் செய்யும் அநீதி என்று விதிகளை ரத்து செய்தது. அதற்கு நான்கு ஆண்டு முன்பு தென் கொரிய உச்ச நீதிமன்றம் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. தொழில்சார் நோயால் இறந்த கார் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு வேலை என்ற தொழிற்சங்க ஒப்பந்தம் செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. ஒன்று பொதுச் சொத்தான அரசு வேலை, மற்றது தனியார் ஆலை என்ற வித்தியாசம் இதில் முக்கியம்.

தமிழ்நாடு அரை நூற்றாண்டுகாலம் அரசாணை மேல் அரசாணையாக ஓட்டிய ஏற்பாட்டை 2023-இல் முறையான விதித் தொகுப்பாக்கியது. விண்ணப்பிக்க 3 ஆண்டுக் கெடு. விண்ணப்பித்தபின் காத்திருப்பது எத்தனை ஆண்டு என்பது காலியிடத்தைப் பொறுத்தது. கருணை என்றால் உடனே வர வேண்டும், நியமனம் என்றால் வரிசையில்தான் வரும்; இந்த முரணை எந்த விதித் தொகுப்பாலும் தீர்க்க முடியவில்லை.

தீர்க்க முயன்ற மாநிலம் ஹரியானா. கடிவாளத் தீர்ப்பு வந்ததும் அந்த மண்ணின் வழக்கில்தான். 2006-இல் அது கௌடில்யர் வழிக்கே திரும்பியது: நாற்காலி கிடையாது, இறந்தவரின் கடைசிச் சம்பளம் மாதாமாதம் குடும்பத்துக்கு வரும், இளம் வயதில் இறந்திருந்தால் 15 ஆண்டு வரைகூட. வரிசை இல்லை, மதிப்பெண் இல்லை, நெருக்கடிக்கு நேரடி மருந்து. கணக்குப்படி பார்த்தால் பிரச்சினை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2019-இல் வந்த புதிய விதிகள், பணமா வேலையா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை மீண்டும் திறந்தன. சம்பளம் பசியைத் தீர்க்கும். அரசு உத்தியோகம் அதற்கு மேலும் சிலவற்றைச் செய்யும்: வங்கியில் கடன் கிடைக்கும், தங்கைக்கு வரன் அமையும், விதவைக்கு ஊரில் ஒரு முகவரி உண்டாகும். வேறு வேலைகளும் இதையெல்லாம் தரும் நாள் வரும்வரை, எத்தனை தீர்ப்பு வந்தாலும் இந்த விண்ணப்பங்கள் வந்துகொண்டுதான் இருக்கும்.